மறு: ‘ரன் டிரெயின்ஸ்’ங்கிறதுக்கு என்ன சொல்றது? வெள்ளோட்டம்னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம்,

எக்ஸ்ட்ராக்கேட் (மாதிரி ரயில் லேஅவுட் வரையுற மென்பொருள்) தமிழாக்கத்துல மெனு வரியெல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சுது, இந்த ஒண்ணுதான் தொங்கிட்டே கெடக்கு. இழையில இதுவரைக்கும் வந்தது மூணு: ரயில் உருவகப்படுத்துதல், தொடர்வண்டிப் பாவனையாக்கம், இரயில்களை இயக்கு. மூணையும் மெனுவில போட்டுப் பாத்தேன். முதல் ரெண்டும் நீளம்ங்கிறது கூட பரவாயில்லை, படிக்கிறவங்களுக்கு அதை அமுக்குனா என்ன நடக்கும்னே தெரியாது. மூணாவது புரியுது, ஆனா நிஜமா தண்டவாளம் போட்டு டிசிசி (மாதிரி ரயிலுக்கான டிஜிட்டல் கட்டுப்பாடு) வச்சு ஓட்டுறதும் "இயக்கு"தானே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

குழுவுல பாதிப் பேர் இந்த மென்பொருளைத் தொட்டதில்லைன்னு போன மடல்கள்ல தெரிஞ்சுது, அதனால இந்த ரன் டிரெயின்ஸ் பகுதி என்ன செய்யுதுன்னு சொல்லிட்டு வர்றேன். நான் நீடாமங்கலம் ஜங்ஷனை 1:87 அளவுல வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். சின்ன வயசுல பஸ்ஸுக்குள்ள உக்காந்து கேட்டு வழியா இன்ஜின் கழட்டி மாட்டுறதைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு, அதனால மன்னார்குடி கிளை பிரியுற எடத்தை விடாம வரையணும்னு பிடிவாதம். ஐசிஎஃப் பயணிகள் பொட்டி ஒண்ணு நிஜத்துல 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, இந்த அளவுல 24 செ.மீ.க்கு மேல வரும், அஞ்சு பொட்டின்னா ஒண்ணேகால் மீட்டர் ஆயிடுது. வரைபடம் திரையில ரொம்ப அழகா இருந்துச்சு. சரி ஓட்டிப் பாப்போம்னு திரையில இருக்குற பட்டையிலேர்ந்து இன்ஜினையும் பொட்டியையும் எடுத்து தண்டவாளத்துல வச்சேன், வேகத்தை நகத்தினேன், பிளாட்பாரத்துல வந்து நின்னுச்சு. கொக்கியில கிளிக் பண்ணி இன்ஜினைப் பிரிச்சு, முன்னாடி போய் பாயிண்ட்டை (தண்டவாளம் பிரியுற எடம்) தாண்டி, லூப்பு (பக்கத்துத் தண்டவாளம்) வழியா திரும்பி வந்து அந்தப் பக்கம் மாட்டணும். இன்ஜின் முன்னாடி போச்சு, பாயிண்ட்டுல ஏறுச்சு, டப்புனு நின்னுடுச்சு. "எண்ட் ஆஃப் டிராக்". பாயிண்ட்டுக்கு அப்புறம் நான் விட்டிருந்த துண்டு தண்டவாளம் 15 செ.மீ., இன்ஜின் 20 செ.மீ. பின்சக்கரம் பாயிண்ட் மேலயே நிக்குது, பாயிண்ட்டை மாத்த வழியே இல்லை. பிளைவுட் அறுத்து கார்க் ஒட்டி தண்டவாளத்தை ஆணி அடிச்சதுக்கு அப்புறம் இதைக் கண்டுபிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்!

இப்ப சொல்லுங்க, இங்க எதை உருவகப்படுத்துறோம்? ரயிலு இங்க ஒரு சாக்கு, சோதிக்கிறது வழியைத்தான். போற வழி சரியா இருக்கா, திரும்புற எடத்துல திரும்புமா, நிக்கிற எடத்துல எடம் இருக்கா. நம்ம ஊர்ல இதுக்குன்னே ஒரு சொல் இருக்கு. தேரைப் புதுப்பிச்சா சாமியை ஏத்துறதுக்கு முன்னாடி வெறுந்தேரா வீதியில இழுத்துப் பாப்பாங்க, வெள்ளோட்டம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, எடை 300 டன்னுங்கிறாங்க, அது நாலு வீதி முக்கு திரும்பணும்னா முட்டுக்கட்டை போடுறவங்க எந்தச் சக்கரத்துக்கு எப்ப போடணும், சக்கரத்துக்கு அடியில இரும்புத் தகடு எப்ப போடணும்னு எல்லாத்தையும் வெறுந்தேர்ல பாத்தாத்தான் முடியும். புதுப் படகையும் அப்படித்தான் வெள்ளோட்டம் விடுறாங்க. வெள்ளறிவுன்னா உள்ள ஒண்ணும் இல்லாத அறிவு, அந்த "வெள்" தான் இங்கயும்னு நான் எடுத்துக்கிறேன்: சுமை இல்லாத, ஆள் ஏறாத ஓட்டம். திரையில நடக்குறதுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு எனக்குத் தோணலை.

மெனுவுல "வெள்ளோட்டம் விடு". விடுங்கிற வினையும் கூடவே வருது, நாம ஒட்ட வைக்க வேண்டியதில்லை.

நிலைச் செய்திகளுக்கு நான் போட்டது: எண்ட் ஆஃப் டிராக் = தண்டவாளம் முடிஞ்சது, ஓபன் டர்ன்அவுட் = பாயிண்ட் சேரலை, நோ ரூம் = இடம் பத்தலை. முதல்ல ஆசைப்பட்டு "கடைமடை"ன்னு போட்டிருந்தேன், அழிச்சிட்டேன். கடைமடைன்னாலே இங்க உள்ளவங்களுக்கு தண்ணி வராத வயல்தான் கண்ணுக்கு வரும், அதைக் கொண்டாந்து விளையாட்டுத் தண்டவாளத்துல வைக்க மனசு வரலை.

- திருவாரூரிலிருந்து

*

தம்பி, வணக்கம்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல 31 வருஷம் வேலை பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், சொல் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு எடத்துல இடிக்குது. வெள்ளோட்டம் விடுறது கட்டி முடிச்ச தேரை. உங்க லேஅவுட்டுல இன்னும் ஒரு ஆணிகூட அடிக்கலை. ரெண்டாவது, வெள்ளோட்டம் ஒரு தடவைதான். இந்த மென்பொருள்ல பசங்க ஷண்டிங் (வேகனைப் பிரிச்சு மாத்தி அடுக்குறது) புதிரெல்லாம் போட்டு விளையாடுறாங்க, இங்கிள்நூக்குன்னு ஒண்ணு, மூணு சைடிங், எட்டு வேகன், சொன்ன வரிசையில அஞ்சு வேகனைச் சேக்கணும். என் பேரன் தெனம் அதைத்தான் ஓட்டுறான். அது வெள்ளோட்டமா? "ஒத்திகை"ன்னு வச்சா ரெண்டுக்கும் சேந்து வருமே. பாயிண்ட்டை பாயிண்ட்டுன்னே விட்டதுக்கு நன்றி, "கிளைமாற்றி"ன்னு யாராவது எழுதிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஷாப்புல ஒருத்தருக்கும் புரியாது.

*

ஐயா, வணக்கம்.

நீங்க முதல்ல சொன்னதை நல்லா யோசிச்சேன். திரையில வரைபடம் முடிஞ்சிடுச்சில்ல, அந்த வரைபடம்தான் இங்க தேர். பலகையில போட்ட பிறகு ஓட்டுறதுக்கு "சோதனை ஓட்டம்" இருக்கு, அகலப்பாதை ஆக்கின லைன்ல பாதுகாப்பு ஆணையர் வந்து பாக்குறப்ப பேப்பர்காரங்க எழுதுறதும் அதுதான். அந்தச் சொல்லை அங்கயே விட்டுடுவோம், திரைக்கு வெள்ளோட்டம், பலகைக்கு சோதனை ஓட்டம்னு தனித்தனியா நிக்கும்.

ரெண்டாவது நீங்க சொல்றது சரிதான், அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. புதிர் விளையாடுறது வெள்ளோட்டம் கிடையாது. ஆனா ஒத்திகைன்னா ஆள் பழகுறது, வழியைச் சோதிக்கிறது அதுல வரலை. லேஅவுட் வரைய வந்தவங்களுக்குத்தான் அந்த மெனு, அதனால மெனுவுல வெள்ளோட்டம், உதவிப் பக்கத்துல இங்கிள்நூக் பத்தின பத்தியில மட்டும் "ஷண்டிங் பழகு"ன்னு எழுதுறேன், பேரன்கிட்ட படிச்சுக் காட்டி புரியுதான்னு கேட்டுச் சொல்லுங்க. கலைச்சொல் பட்டியல்ல சிமுலேஷனுக்கு "பாவனை"ன்னே இருக்கட்டும், ஜேஎம்ஆர்ஐல (மாதிரி ரயிலைக் கணினியிலேர்ந்து ஓட்டுற மென்பொருள்) கருவி இல்லாமலே கருவி இருக்குற மாதிரி நடிக்கிற வசதிக்கு அதுதான் பொருந்தும். இலங்கை நண்பர்களுக்கு பாவனைன்னா உபயோகம்னு ஆயிடுது, அவங்க ஒத்துக்கலைன்னா அதுக்குத் தனி இழை போடுவோம்.

நம்மாளுங்க கைகாட்டி மரத்துக்குப் பேர் வச்ச மாதிரி வைக்கணும் ஐயா, கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கைகாட்டின்னாங்க, கொழந்தைக்கும் புரிஞ்சுது.

இன்னும் ரெண்டு மிச்சம். வேகமா வந்து பொட்டியில இடிச்சா கொக்கி மாட்டாது, "கிராஷ்டு"ன்னு வருது. மோதிடுச்சா, தடம் புரண்டுச்சா? ஷாப்புல என்ன சொல்வீங்கன்னு எழுதுங்க, அதையே போட்டுடுறேன். இன்ஜின் போற பக்கமெல்லாம் படமும் நகர்றதுக்கு "ஃபாலோ"ன்னு ஒரு பொத்தான், அதுக்கு "பின்தொடர்" போட்டிருந்தேன், வீட்டுல பாத்துட்டு "கூடவே போ"ன்னு வைங்கன்னாங்க. அதையே வச்சுட்டேன்.