கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது: என் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் அனுபவம்

டேபிள் டென்னிஸில் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் (பேட் பிடித்த கைப்பக்கத்திலிருந்து பந்தை உரசி, முன்னோக்கிச் சுழலவைக்கும் அடி) போட்டால் ஒன்று நெட்டில் விழுகிறது, இல்லையென்றால் மேசையைத் தாண்டிப் பறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றரை வருஷம் நானும் இதே பாடுதான் பட்டேன்.

பேட்டில் ஒட்டியிருக்கும் ரப்பர்மேல் பழியைப் போட்டு இரண்டு தடவை மாற்றினேன். தோள் வலி வந்ததுதான் மிச்சம். ஒருநாள் கோச் ஆட்டத்தை நிறுத்தி, "உன் கையைப் பாரு" என்றார். பேட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகம் வெளுத்துப்போயிருந்தது. அவ்வளவு இறுக்கம்! முன்கையும் மணிக்கட்டும் பூட்டிக் கிடக்க, மொத்த வேலையையும் தோள் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பேட்டை வாங்கி வைத்துவிட்டார். வெறுங்கையோடு வலது முட்டியை மடக்கி, இடுப்பைத் திருப்பி, வலது காலால் தரையை உந்தவேண்டும். இடுப்பு முன்னால் வரும், கை அதன் பின்னாலேயே வரும். தினமும் 10 நிமிஷம், மூன்று வாரம். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆரம்பிக்கிற யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மறுபடி பேட்டை எடுத்தபோது முதலில் மாறியது சத்தம். முன்பு 'டக்' என்று மரம் அதிரும். இப்போது ரப்பர் பந்தை உரசி இழுக்கும் சன்னமான சத்தம். பந்து வளைந்து இறங்கி, மேசையில் பட்டதும் குபீரென்று முன்னால் பாய்ந்தது. மேல்சுழற்சி உள்ள பந்தைக் காற்றே கீழே தள்ளுகிறது. அதனால் 15.25 செ.மீ. உயர நெட்டுக்கு மேலே நல்ல இடைவெளி விட்டுப் போனாலும் மேசைக்குள் விழும். இது புரிந்தபிறகு நெட்டை ஒட்டியே அடிக்கும் பழக்கத்தை விட்டேன்.

இன்னொன்று. எதிராளி பிளாக் செய்த (பேட்டைக் காட்டித் தடுத்துத் திருப்பிய) பந்துக்கும் புஷ் செய்த (பந்தின் அடிப்பக்கத்தை உரசித் தள்ளிய) பந்துக்கும் ஒரே வீச்சைத்தான் வீசிக்கொண்டிருந்தேன். பிளாக்குக்குப் பேட்டைக் கவிழ்த்து முன்னோக்கி உரசவேண்டும். புஷ்ஷில் வருவது பேக்ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழற்சி. முட்டியை இன்னும் மடக்கி, பேட்டைத் தொடைவரை இறக்கி, மேல்நோக்கித் தூக்கவேண்டும். 2014-ல் பிளாஸ்டிக் பந்து வந்ததிலிருந்து செல்லுலாய்டு காலத்துச் சுழற்சி கிடைப்பதில்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் கால் தரும் உந்துதலை நம்பித்தான் ஆகவேண்டும்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு வேறு மாதிரிச் சிக்கல். முதல் டாப்ஸ்பின் அருமையாக விழும். ஆனால் வீச்சு முடியும்போது பேட் இடது காதைத் தாண்டிப் போய்விடும். திரும்பக் கொண்டுவருவதற்குள் அடுத்த பந்து நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும். வீச்சை நெற்றிக்கு முன்னால் நிறுத்தப் பழகினேன். தொங்கிக்கொண்டிருந்த இடது கையையும் தூக்கி வைத்தேன். உடம்பு சாய்வது நின்றது. இப்போது தொடர்ந்து மூன்று பந்து போடமுடிகிறது. நான்காவதுக்குக் கால் நகர மறுக்கிறது. நீங்கள் சொன்ன வெறுங்கைப் பயிற்சியை நாளைக் காலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.