அம்மாவின் போனைத் தமிழுக்கு மாற்றினேன், பொத்தானில் பாதிச் சொல்தான் தெரிகிறது

கேள்வி (யாங்கோன்):

அம்மாவுக்கு 71 வயது. பர்மியம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. கோயில் பள்ளியில் கற்ற தமிழ் எழுத்துதான் அவருக்குத் தெரியும். புதுப் போன் பர்மியத்தில் இருந்ததால் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவையும் கடைசி வரை ஏற்றிக் கொடுத்தேன். வினை அங்கேதான். அழைப்பு வந்தால் பச்சைப் பொத்தானின் கீழே "அழைப்பை…", சிவப்பின் கீழேயும் "அழைப்பை…". ஏற்கவா நிராகரிக்கவா என்ற மீதிச் சொல் இரண்டிலும் வெட்டுப்பட்டுவிடுகிறது. கண்புரை இருப்பதால் நிறமும் அவருக்கு மங்கல். மோல்மேனிலிருந்து சித்தி மூன்று தடவை கூப்பிட்டார், மூன்றும் கட். என்ன ஆச்சோ என்று சித்தி பக்கத்து வீட்டு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்.

இன்னொன்று, பணம் அனுப்பும் ஆப் இப்போது ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அதில் உதவும் கடைப் பையனுக்குப் பர்மியம்தான் வரும். 2018-இல் அண்ணன் பர்மியத்தில் அனுப்பிய செய்திகளும் எழுத்து கலைந்து கிடக்கின்றன. என் மகள் அவற்றைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவாள். தமிழுக்கு மாற்றியதால்தான் இப்படியா?

பதில் (மாண்டலே):

அக்கா, ஆப் விஷயம் சுலபம். மொழிகள் பட்டியலில் தமிழுக்கு அடுத்து இரண்டாவதாகப் பர்மியத்தைச் சேருங்கள். ஆண்ட்ராய்டு 7-இலிருந்தே, முதல் மொழி இல்லாத ஆப் அடுத்த மொழியைத் தேடும். ஒரு ஆப்புக்கு மட்டும் தனி மொழி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 13-இல், 2022-இல் வந்தது. ஆனால் அதை ஆதரிக்கும் ஆப்தான் அந்தப் பட்டியலில் தெரியும்.

அண்ணன் செய்திகளுக்கும் தமிழுக்கும் சம்பந்தமில்லை. அப்போது இங்கே பெரும்பாலோர் போனில் பர்மியத்துக்கு ஜாவ்ஜி எழுத்துருதான். யூனிகோடு என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைக்கும் உலகப் பொது முறை. ஜாவ்ஜி அதே எண்களில் பலவற்றை வேறு எழுத்துகளுக்கு வைத்துக்கொண்டது. நாடே 2019 அக்டோபர் 1-இலிருந்து யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. புதுப் போன் யூனிகோடாகப் படிப்பதால் கலைகிறது. செய்தி அழியவில்லை. நகலெடுத்து, ஜாவ்ஜியை யூனிகோடாக்கும் மாற்றியில் ஒட்டினால் சரியாக வரும்.

பதில் (தட்டோன்):

எழுத்தளவைக் குறையுங்கள் அக்கா. அதைக் கூட்டினால் எழுத்து மட்டும் பெரிதாகும், பொத்தான் அப்படியே நிற்கும். அதற்குப் பதில் "காட்சி அளவு" என்று பக்கத்திலேயே இருக்கும், அதைக் கூட்டுங்கள். பொத்தானும் எழுத்தும் சேர்ந்தே பெரிதாகும். என் மாமியார் போனில் இப்படித்தான் வைத்தேன்.

கேட்டவர் மறுபடி (யாங்கோன்):

தம்பிகளா, ரொம்ப நன்றி. பர்மியத்தை இரண்டாவதாக வைத்தேன், பணம் அனுப்பும் ஆப் பழையபடி ஆகிவிட்டது. அண்ணனின் முதல் செய்தியை மாற்றிப் பார்த்தேன், மகள் உடனே பாட்டிக்குப் படித்துக் காட்டினாள்.

எழுத்தளவை இரண்டு படி இறக்கி, காட்சி அளவை ஏற்றினேன். இப்போது "அழைப்பை ஏற்" வரை தெரிகிறது, அது போதும். இன்னொரு பொத்தானில் "அழைப்பை நிரா" என்று நிற்கிறது. தமிழ்ப்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் "எடு", "வேண்டாம்" என்று போட்டிருக்கலாம். இரண்டும் முதல் எழுத்திலேயே வேறுபடும், வெட்டுப்பட்டாலும் குழப்பம் வராது. ஆண்ட்ராய்டில் மொழிபெயர்ப்பு பற்றிக் கருத்து எழுத எங்கே வழி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானே தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

நேற்று ராத்திரி சித்தி கூப்பிட்டார். அம்மா கண்ணாடியை மாட்டி, "ஏற்" என்பதை விரலால் தொட்டுப் படித்துவிட்டுத்தான் எடுத்தார்.