ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து குரோம் ஊர்கிறது, எதை நிறுத்தலாம்?

பிறைக்காரன்:
வணக்கம். பினாங்கு, பிறையில் சின்ன அலுவலகம். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. அதே வைஃபையில் கைப்பேசி பறக்கிறது. கட்டண ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டதிலிருந்து கணினியில் மட்டும் ஒவ்வொரு பக்கமும் திறக்க ஏழெட்டு விநாடி. பாதுகாப்பை 10 நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. கணக்கு, வங்கி வேலையெல்லாம் இதில்தான். கழற்றிப் போடப் பயம். ஸ்கேன் செய்யாமல் விடச் சொல்லும் விலக்குப் பட்டியலில் குரோமையே சேர்த்துவிட்டால் போதுமா?

ஜெலுத்தோங்_பையன்:
8 ஜிபி பத்தாது பாஸ். கொம்தார்ல ஒரு ரேம் வாங்கிப் போடுங்க.

செந்தூல்77:
நிறுத்தியதும் சரியாகிறது என்கிறார், ரேமுக்கு எதற்குக் காசு?

குரோமை அப்படியே விலக்காதீர்கள். ஒரு புரோகிராமை விலக்கினால் அது திறக்கிற, எழுதுகிற கோப்புகளையும் ஸ்கேனர் கண்டுகொள்ளாமல் விடலாம். பதிவிறக்கங்கள் வருவதே அந்த வாசல் வழியாகத்தான்.

என் சந்தேகம் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் மேல். அது தளத்துக்கும் குரோமுக்கும் நடுவில் உட்கார்ந்து, மறையாக்கத்தைப் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழால் மறுபடி பூட்டி அனுப்பும். ஒரு செய்தித் தளம் என்றால் விளம்பரம், எழுத்துரு, படம் எல்லாம் வேறு வேறு செர்வரிலிருந்து வரும். ஒவ்வொரு இணைப்புக்கும் இதே வேலை.

உறுதிசெய்ய, முகவரிக்கு இடப்பக்கக் குறியை அழுத்தி, பாதுகாப்பான இணைப்பு என்ற வரிக்குள் போய்ச் சான்றிதழைத் திறங்கள். வழங்கியவர் இடத்தில் ஆன்டிவைரஸ் பெயர் இருந்தால் அதுதான் ஆள். வங்கித் தளத்தில் பார்க்காதீர்கள். சில ஆன்டிவைரஸ்கள் வங்கிகளைத் தாமாகவே விட்டுவிடும்.

பிறகு ஆன்டிவைரஸில் இணையத்தைக் கவனிக்கிற வெப் ஷீல்டு அமைப்பில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனை மட்டும் நிறுத்தி, குரோமை முழுக்க மூடித் திறங்கள். கோப்பு ஸ்கேனர் ஓடட்டும். மோசடித் தளங்களைக் குரோமின் சேஃப் பிரவுசிங்கும் தடுக்கும். அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிவடம்:
அதற்கும் அசையவில்லை என்றால் பழைய ஆன்டிவைரஸின் மிச்சம் இருக்கலாம். கணினியோடு வந்த சோதனைப் பதிப்பை நீக்கினாலும் டிரைவர் தங்கிவிடுவதுண்டு. இரண்டு ஸ்கேனர்கள் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்தால் தாமதம்தான். கமாண்ட் பிராம்ட்டை நிர்வாகியாகத் திறந்து எஃப்-எல்-டி-எம்-சி என்ற ஐந்து எழுத்தை ஆங்கிலத்தில் அடியுங்கள். ஆல்டிட்யூட் பத்தியில் 320000 முதல் 329999 வரை இருப்பவை ஆன்டிவைரஸ் டிரைவர்கள். டபிள்யூடி ஃபில்டர் என்பது விண்டோஸ் டிஃபெண்டருடையது, விடுங்கள். இப்போதைய ஆன்டிவைரஸின் டிரைவரையும் விடுங்கள். இவை தவிர வேறு நிறுவனத்தின் டிரைவர் தென்பட்டால் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பிறைக்காரன்:
சான்றிதழில் ஆன்டிவைரஸ் பெயர்தான். நிறுத்திவிட்டேன், பக்கம் உடனே திறக்கிறது. குரோமுக்குள் அது போட்ட எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இருக்கிறதே, வேண்டுமா?

செந்தூல்77:
ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் குரோமின் டாஸ்க் மேனேஜர் வரும். எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகம், சிபியு தின்கிறது என்று அங்கே தெரியும். தேடல் முடிவில் பச்சைக் குறி போடுவதுதான் வேலை என்றால் நீக்கிவிடலாம். ஸ்கேனர் அதை நம்பி இல்லை. ஆன்டிவைரஸ் பெரிய அப்டேட் போடும்போது எச்டிடிபிஎஸ் ஸ்கேன் தானாக மறுபடி இயங்கக்கூடும். மறுபடி ஊர ஆரம்பித்தால் முதலில் சான்றிதழைப் பாருங்கள்.