சர்நேம் கட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பயணப் பதிவுச் செயலியின் தமிழாக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை முடித்துவிட்டோம். 'கேட்'டுக்கு வாயிலா வாசலா என்ற சண்டைகூட ஒரே மாலையில் ஓய்ந்துவிட்டது. ஆனால் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்ற இரண்டு கட்டங்கள் இரண்டு வாரமாக நகர மறுக்கின்றன. "இதற்குப் போய் இவ்வளவு மடலா?" என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெல்பர்னில் இருக்கும் தங்கைக்குப் பிரசவம் என்று அம்மாவை அனுப்ப டிக்கெட் எடுத்தேன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. கிவன் நேமில் அவருடைய பெயர் ஒன்றுதான். பதிவுப் படிவமோ காலி இடத்தை ஏற்கவில்லை, சிவப்பில் கத்தியது. அந்தக் கட்டத்தின் மேல் தமிழில் 'குடும்பப் பெயர்' என்று போட்டிருந்தது. குடும்பத்துக்குப் பெயர் என்றால் அப்பா பெயர்தானே என்று அதை அடித்துவிட்டுப் பணம் கட்டினேன்.

விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த இரண்டாவது பெயர் இதில் எங்கே இருக்கிறது?" கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கிறது என்று புரட்டிக் காட்டினேன். "அது பயணி பெயர் இல்லையே, சார்." மேலாளர் வந்தார், தொலைபேசியில் யாரிடமோ பேசினார்கள், முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் அப்பா பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "என் பேரை எதுக்கு ரெண்டு தடவை போட்டிருக்கான்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்யவைத்தது 'குடும்பப் பெயர்' என்ற சொல். சரி, நம் மடல் இழைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> குடும்பப் பெயர் ஏற்கெனவே புழங்கும் சொல். புழங்குவதை ஏன் கலைக்க வேண்டும்?

புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல் சுட்டும் பொருள் பெரும்பாலான வீடுகளில் இல்லை. என் அப்பாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்பது தாத்தா பெயர். என்னுடையதில் அப்பா பெயர். என் மகனுடையதில் என் பெயர். மூன்று தலைமுறைக்கு மூன்று 'குடும்பப் பெயர்' என்றால் அதில் குடும்பம் எங்கே இருக்கிறது? குடியேற்ற வரிசையில் என் மகனையும் என்னையும் பார்த்து "நீங்கள் ஒரே குடும்பமா?" என்று கேட்டிருக்கிறார்கள். சர்நேம் வேறு வேறாக இருந்தால் அவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. குடும்பப் பெயர் என்று கேட்டால் ஒரு தலைமுறைக்கு முந்தைய ஆட்களுக்குச் சாதிப் பெயர்தான் நினைவுக்கு வரும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த வாலைக் கழற்றிவிட்டு முன்னால் ஒரு எழுத்தை வைத்துக்கொண்ட ஊர் இது. கழற்றியதைப் படிவத்தின் வழியாகத் திரும்ப மாட்டிவிட வேண்டாம்.

> அப்படியானால் கடைசிப் பெயர், இல்லாவிட்டால் பின்பெயர். எளிமையாக இருக்கும்.

எளிமைதான். ஆனால் எது கடைசி? யாழ்ப்பாணத்து நண்பர் நேற்று எழுதியதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். அவர் வீட்டில் அப்பா பெயர் முதலில், தன் பெயர் அடுத்து. இங்கே பாஸ்போர்ட்டுக்காக நாம் எழுதும்போது தன் பெயர் முதலில், அப்பா பெயர் அடுத்து. இரண்டு தமிழர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒருவரின் 'கடைசிப் பெயர்' அவருடையது, மற்றவரின் 'கடைசிப் பெயர்' அவர் அப்பாவுடையது.

பழைய வழக்கம் யாழ்ப்பாணத்தார் பக்கம்தான். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்றால் ஊர், அப்பா, கடைசியில் ஆள். தொல்காப்பியம் இதற்குப் புணர்ச்சி விதியே வைத்திருக்கிறது. அப்பன் பெயரோடு மகன் பெயர் சேர்வதை 'மக்கள் முறை' என்கிறது. உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு சாத்தங்கொற்றன், அதாவது சாத்தன் மகன் கொற்றன். இனிஷியல் போடுவதும் இதே வரிசைதான், சா. கொற்றன். விமானப் பதிவுக்காக மட்டும் கொற்றன் சாத்தன் என்று தலைகீழாகிறோம். (சாத்தனை ஆங்கிலத்தில் எழுதினால் அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார் என்பது வேறு விஷயம்.)

> எங்கள் ஊரில் ஏ/எல், ஏ/பி இருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

பினாங்கு நண்பரின் கேள்வி இது. மலேசியத் தமிழர்களின் பெயருக்கு நடுவில் வரும் ஏ/எல் என்பது 'அனாக் லெலாக்கி', அதாவது மகன். ஏ/பி என்றால் மகள். மக்கள் முறையை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் பெயர் வேறு எங்கும் இல்லை என்பேன். ஆனால் விமானப் பதிவுக் கணினிக்கு அந்தச் சாய்கோடு ஆகாது. அதன் மொழியில் சாய்கோட்டுக்கு முன்னால் சர்நேம், பின்னால் கிவன் நேம். நடுவில் இன்னொரு சாய்கோடு வந்தால் பெயரை எங்கே வெட்டுவது என்று அதற்குத் தெரியாது. அதனால் கோட்டை எடுத்துவிட்டு எழுதச் சொல்கிறார்கள். கொற்றன் ஏஎல் சாத்தன் என்று வரும்போது நடுவில் யாரோ மூன்றாவது ஆள் புகுந்ததுபோல இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. போர்டிங் பாஸில் இருக்கும் பட்டைக்குறியீட்டில் (பார்கோடு) பயணி பெயருக்கு ஒதுக்கியிருப்பது 20 இடம், சாய்கோடும் அதில் அடக்கம். வெங்கடசுப்பிரமணியன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 18 எழுத்து. அது அப்பா பெயராக, சர்நேம் கட்டத்தில் இருந்தால் 18, சாய்கோடு 19, மிச்சம் ஒரே இடம். அந்த ஒரு இடத்தில் பயணியின் சொந்தப் பெயர் நிற்க வேண்டும். நாம் காலங்காலமாக அப்பாவை ஒற்றை எழுத்தாக்கி வைத்திருந்தோம். பட்டைக்குறியீடு அப்பாவை முழுதாக எழுதி, பிள்ளையை இனிஷியலாக்கிவிட்டது! பல போர்டிங் பாஸ்களில் மிஸ்டரைக் குறிக்கும் 'எம்ஆர்' என்ற அடைமொழியும் இடைவெளியில்லாமல் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து எழுத்துப்பிழை என்று எத்தனையோ பேர் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அது பிழை இல்லை, உதவிக் குறிப்பில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

> முதற்பெயர், சார்புப்பெயர் என்று வைக்கலாம். முதலெழுத்து, சார்பெழுத்து போல.

இந்த இழையில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சர்நேம் கட்டத்தில் நாம் போடுவது அப்பாவோ, கணவரோ, ஊரோ, வீட்டுப் பெயரோ, எதுவானாலும் நாம் சார்ந்த ஒன்றின் பெயர். சார்புப்பெயர் என்றால் எல்லாம் அடங்கிவிடுகிறது. முன்னால் வருமா பின்னால் வருமா என்ற வழக்கும் இல்லை.

ஆனால் 'முதற்பெயர்' சிக்கல். பாஸ்போர்ட்டுகளுக்கான பன்னாட்டு விதி ஆவணம் 9303, இயந்திரம் படிக்கும் வரியில் சர்நேமைத்தான் 'முதன்மை அடையாளம்' என்கிறது, கிவன் நேம் இரண்டாம் இடம். நாம் ஒன்றை முதல் என்போம், இயந்திரம் இன்னொன்றை முதல் என்னும். அதனால் கிவன் நேமுக்கு நான் முன்வைப்பது: தன்பெயர். இயற்பெயர் என்றால் புனைபெயருக்கு எதிர்ச்சொல்லாகப் பார்க்கிறார்கள். இடுபெயர் என்றால் இடுகுறிப்பெயர் வந்து குழப்பும். தன்பெயருக்கு விளக்கம் வேண்டாம். ஒரு பாட்டியிடம் "உங்க தன்பெயர் என்ன?" என்று கேட்டால் தன் பெயரைத்தான் சொல்வார்.

சார்புப்பெயரைச் சார்பெயர் என்று வினைத்தொகையாகச் சுருக்கலாம் என்று நானே முதலில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மகன் "எந்தச் சார் பெயர்? கணக்கு சாரா?" என்று கேட்டான். அதோடு தீர்ந்தது.

> சார்பு என்றால் ஒருவரை அண்டியிருப்பது. பெண்கள் கணவன் பெயரைப் போடும் கட்டத்துக்கு அந்தச் சொல் உறுத்துகிறது.

கோவைச் சகோதரி சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் உறுத்தல் சொல்லில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. அப்பா பெயரோடு பாஸ்போர்ட் எடுத்த பெண் திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் டிக்கெட் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது நமக்கெல்லாம் தெரிந்த கதை. 'குடும்பப் பெயர்' என்று கேட்டால் அந்தப் பெண் புகுந்த வீட்டுப் பெயரைத்தான் போடுவார். 'சார்புப்பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி' என்று கேட்டால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கவாவது செய்வார். இதைவிட நல்ல சொல் சகோதரியிடம் இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன். 'உறவுப்பெயர்' என்று ஒருவர் சொன்னார், அது மாமா, அத்தை மாதிரி இருக்கிறது.

மிச்சம் இருப்பது என் அம்மா வகையறா, ஒரே பெயர் உள்ளவர்கள். இவர்களுக்குத்தான் பாடு அதிகம். அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, கிவன் நேமில் 'எஃப்என்யூ' என்று அடிக்கிறார்கள். பெயர் தெரியவில்லை என்று பொருள். பக்கத்திலேயே பெயர் இருக்கிறது! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு வருகை விசாவில் நுழைவில்லை என்றபோது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எவ்வளவு பேர் பதறினார்கள் என்பது நினைவிருக்கும். அப்புறம் அப்பா பெயர் அடுத்த பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இந்த நிலைக்கு 'ஒற்றைப்பெயர்' என்ற சொல்லே போதும். ஆனால் கட்டத்தின் கீழ் உதவிக் குறிப்பு கட்டாயம் வேண்டும். ஒரு விமான நிறுவனம் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்கிறது, இன்னொன்று வேறு மாதிரி சொல்கிறது. அதனால் குறிப்பை இப்படி வைக்கலாம்: 'பாஸ்போர்ட்டில் சார்புப்பெயர் இல்லையா? அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீங்களாகச் சேர்க்க வேண்டாம். ஒற்றைப்பெயருக்கு இந்த நிறுவனத்தின் முறையைப் பார்க்க இங்கே தொடுங்கள்.'

இன்னும் ஒரு ஜோடி. 'பெயர் மாற்றம்', 'பெயர்த் திருத்தம்' இரண்டையும் நம் கோப்பில் ஒன்றாகப் போட்டிருக்கிறோம். அப்படி விடக் கூடாது. பெரும்பாலான விமான நிறுவனங்களில் டிக்கெட்டை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, அதனால் 'மாற்றம்' என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பக்கம் முடியாது என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் பெயர் மாற்றம் என்றால் அரசிதழில் போடுவது வேறு. ஓரெழுத்துப் பிழையைச் சரிசெய்வது, இடம் மாறிய பெயர்களைத் திருப்பிப் போடுவது இதெல்லாம் திருத்தம். கவுன்டரில் நான் "பேரை மாத்திக் குடுங்க" என்று அரை மணி நேரம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மேலாளர் வந்து "இது கரெக்‌ஷன் தானே?" என்று கேட்டபிறகுதான் வேலை நடந்தது.

ஆக, தன்பெயர், சார்புப்பெயர், ஒற்றைப்பெயர், பெயர்த் திருத்தம், பெயர் மாற்றம் என்று ஐந்தையும் கோப்பில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை மறுப்பு எழுதலாம். யாழ்ப்பாணத்து நண்பரும் பினாங்கு நண்பரும் தங்கள் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் வரிசையை, பெயரை மறைத்துவிட்டு, எழுதி அனுப்பினால் எடுத்துக்காட்டுப் படத்தில் மூன்று ஊர் முறையையும் காட்டிவிடலாம். எடுத்துக்காட்டுப் பயணி சாத்தன் மகன் கொற்றன்தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து

பி.கு. அம்மா மார்ச்சில் திரும்பி வருகிறார். திரும்பும் டிக்கெட்டில் அப்பா பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது என்று இந்த மடலை எழுதும்போதுதான் பார்த்தேன்.