ரோட்டு இன்சினியர்: பந்தலில் சொல்லாமல் போனவை

குடிமங்கலம் பக்கத்து விவசாயி எழுதியது

எங்கள் பகுதியில் இழவு வீட்டுக்குப் போனால், பந்தலில் உட்கார்ந்து இறந்தவரைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். 2021 மே மாதத்தில் எங்கள் ரோட்டு இன்சினியர் கொரோனாவில் இறந்தபோது பந்தலும் போடவில்லை, யாரும் போகவும் இல்லை. அவருடைய மகள் சென்ற வாரம் சந்தையில் என்னைப் பார்த்து, "அப்பாவைப் பத்தி உங்களுக்கெல்லாம் என்னங்க ஞாபகம் இருக்குது?" என்று கேட்டார். நின்றவாக்கில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே தொடங்குகிறேன். அவரோடு பழகியவர்கள் தொடர்ந்து எழுதுங்கள். வீட்டார் விருப்பப்படி பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நானும் அவரும் சண்டையில்தான் அறிமுகமானோம். எங்கள் பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து திருப்பூர் மாவட்டத்தில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 2008இல், ரோட்டுக்கு மேற்கே பெய்யும் மழைத் தண்ணீரெல்லாம் ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்த ஒரு சிறு பாலத்தின் வழியாக என் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்குகிறது என்ற கோபத்தில், இரண்டு வண்டி கல்லும் மண்ணும் கொட்டி அதன் வாயை அடைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குக் குடையும் டார்ச்சுமாக அவர் என் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வந்து நின்றார். போலீசுக்குச் சொல்லுவார் என்று எதிர்பார்த்த என்னை, அவர் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகக் கிழுவை வேலிக்கு அழைத்துச் சென்று, வேலித் தூரில் செத்தை படிந்திருந்த உயரத்தை டார்ச் அடித்துக் காட்டினார். அது அந்த வருடத்துச் செத்தை அல்ல. பல மழைக்காலங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வேரோடு வேராக இறுகிப் போயிருந்தது. "பாலம் கட்டறதுக்கு முன்னாடியே தண்ணி இதுலதானுங்க போயிருக்குது" என்றார்.

பிறகு ரோட்டின் மறுபக்கம் அழைத்துச் சென்று, தேங்கி நின்ற தண்ணீருக்குள் காலை விட்டு மிதித்துக் காட்டினார். எங்களுடையது கரிசல் மண். ஈரம் ஏறினால் உப்பிப் பெருகும், வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன்மேல் எத்தனை கல்லும் தாரும் போட்டாலும், அடியில் தண்ணீர் நின்றால் ரோடு ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் அமுங்கிவிடும் என்பதை, விவசாயியான எனக்கு அவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மறுநாள் காலையில் அடைப்பை நானே எடுத்துவிட்டேன். என் காட்டு வரப்பை ஒட்டிப் பள்ளம் வரைக்கும் ஒரு வடிகால் வெட்டித் தருவதாக அவர் சொன்னார். அதற்கு மதிப்பீடு போட்டு, கோயம்புத்தூருக்கு அனுப்பி, ஒப்புதல் வாங்கி வருவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசியது அவருக்குத் தெரியும். வடிகால் வெட்டிய அன்று அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல், அளவுப் புத்தகத்தில் நீளத்தை எழுதிக்கொண்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற சாலைப் பணியாளர் எழுதியது

விவசாயி அண்ணன் எழுதிய குழாய்ப் பாலம் 14/2 என்று நினைக்கிறேன். பதினான்காவது கிலோமீட்டரில் இரண்டாவது பாலம் என்பது அதற்குப் பொருள். அதை நான் மறக்க முடியாததற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

1997இல் வேலைக்கு எடுக்கப்பட்ட சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ 10,000 பேரையும் 2002 செப்டம்பரில் அரசு ஒரே ஆணையில் நீக்கியது. அவர்களில் நானும் ஒருவன். மண்வெட்டி, கடப்பாரை, இரும்புச் சட்டி, சிவப்புக் கொடி ஆகியவற்றை எங்களிடமிருந்து திரும்ப வாங்கிப் பட்டியலில் குறிக்கும் வேலை, அப்போது உதவிப் பொறியாளராக இருந்த அவருக்கு வாய்த்தது. ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார், கையெழுத்துப் போட்டார், தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் நினைத்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று வெகுகாலம் மனம் குமுறினேன். அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்பது பின்னால்தான் விளங்கியது. நான் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் மூட்டை தூக்கினேன். எங்களில் சிலர் அந்த நாட்களைத் தாண்டவே இல்லை.

41 மாதங்கள் கழித்து, 2006இல் எங்களைத் திரும்ப எடுத்தார்கள். முதல் நாள் அவர் என்னை மட்டும் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ரோட்டோரத்தில் இறக்கி, "பாலமெல்லாம் எங்கெங்க இருக்குதுன்னு நீங்கதானுங்க காட்டோணும்" என்றார். வெட்டுவதற்கு ஆள் இல்லாமல் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் மூடிக் கிடந்தது. ஓரத்து மண் மேடேறி ரோட்டைவிட உயர்ந்துவிட்டிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தாரின் மேலேயே நின்றது. பாலங்களின் எண் அலுவலகக் கோப்பில் இருந்தது. ஆனால் மண்ணில் அவை இருந்த இடம், முள்ளை வெட்டிக் கை கிழிபட்ட எங்களுக்குத்தான் தெரியும். 14/2ஐத் தேட ஒரு முழுப் பகல் ஆயிற்று. குழாயின் விளிம்பில் என் கடப்பாரை பட்டு ஓசை வந்தபோது, அவரும் முட்டி போட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். நாற்பத்தொரு மாதத்தைப் பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு எப்போதும் பேசிக்கொண்டதில்லை.

ஒப்பந்தப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தவர் எழுதியது

நான் பட்டயப் படிப்பு முடித்து முதன்முதலாகச் சேர்ந்த வேலையில் அவரிடம் மாட்டினேன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பதற்கு இங்கே நிற்கும் காற்றாலைகளே சாட்சி. கலவை ஆலையிலிருந்து லாரி வந்து சேர்வதற்குள் தார்க்கலவையின் சூட்டை அந்தக் காற்று உறிஞ்சிவிடும். அது 140 பாகைக்குக் குறையாமல் ரோட்டில் இறங்க வேண்டும், 90 பாகைக்குக் கீழே போவதற்குள் உருளை ஓட்டி முடித்துவிட வேண்டும். அன்று மாலை கடைசி லாரியில் அவர் வெப்பமானியைச் செருகியபோது 118 காட்டியது. அவர் "திருப்பி அனுப்புங்க" என்றார்.

ஒரு லோடு போனால் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்று கெஞ்சினேன். அப்படியே பிடிக்கவும் செய்தார்கள். அவர் மனம் இரங்கவில்லை. ஆனால் மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன்பாகவே வந்து நின்று, லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி அனுப்பச் சொல்லி, எத்தனை மணிக்கு ஆலையில் ஏற்றினால் எத்தனை பாகையில் இங்கே வந்து சேரும் என்று என் நோட்டிலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஏழு மீட்டர் ரோட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்கு எட்டே முக்கால் சென்டிமீட்டர் சரிவு இருக்க வேண்டும் என்பதை அன்று அவர் நூல் பிடித்துக் காட்டியதுபோல் எந்த வகுப்பிலும் எனக்குக் காட்டவில்லை. பிடித்த சம்பளத்தை நினைத்து எனக்கு இப்போது வருத்தம் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் கடை வைத்திருந்தவர் எழுதியது

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். என் கடை ரோட்டு நிலத்தில் இருக்கிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டவர் அவர்தான். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. கோட்டை ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்லி அழுதேன். அவர், "அம்மிணி, என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் இடிக்கும் நாளை மூன்று நாள் முன்கூட்டியே தெரிவித்ததால் தகரத்தையாவது சேதமில்லாமல் கழற்றிக்கொள்ள முடிந்தது. எதிர்வரிசையில் பெரிய கடையின் படிக்கட்டும் அதே நாளில் இடிபட்டதைப் பார்த்தேன். அவருடைய சாவு தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அலுவலக உதவியாளராக இருந்தவர் எழுதியது

கடைசி நாட்களில் உடன் இருந்தவன் என்ற முறையில் அதை மட்டும் எழுதுகிறேன். 58 வயதில் ஓய்வு என்று இருந்தவரைக்கும் அவர் 2020 ஜூனில் வீட்டுக்குப் போக வேண்டியவர். அந்த மே மாதத்தில் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த ஆண்டு 60 ஆக்கியது. தோட்டத்தில் தென்னம்பிள்ளை வைப்பதற்குக் குழி எடுத்து வைத்திருந்தவர், குழியை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

2021 மே 10 முதல் முழு ஊரடங்கு. மழைக்கு முன் பாலங்களைத் தூர்வாரும் பட்டியலில் 31 இருந்தன. வண்டி ஓடாத ரோட்டில் வேலை சுளுவாக நடக்கும் என்று ஆட்களை இடைவெளி விட்டு நிறுத்தி, 19 பாலங்களை முடித்திருந்தார். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் மூச்சு முட்டியது. படுக்கை கிடைப்பதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் அலைந்தோம். கிடைத்த ஐந்தாம் நாள் போய்விட்டார். மின்மயானத்துக்கு வீட்டார் இருவரை மட்டுமே விட்டார்கள். மகளுக்கு முகம் காட்டவில்லை.

மீதி 12 பாலங்களை ஜூனில் சாலைப் பணியாளர்கள் தூர்வாரினார்கள். எந்த உத்தரவும் வரவில்லை, பட்டியல் மட்டும் மேசையில் இருந்தது.

குடிமங்கலம் பக்கத்து விவசாயி எழுதியது

அந்தப் பன்னிரண்டில் 14/2ம் ஒன்று என்று இப்போதுதான் தெரிகிறது. அவர் போன பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை விட்டதும் நான் இட்டேரியில் இறங்கி, கிழுவை வேலியில் செத்தை எந்த உயரத்துக்குப் படிந்திருக்கிறது என்று பார்த்து, இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் இளைஞரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அவரும் எழுதி வைத்துக்கொள்கிறார்.