ரேடியோ கரகரத்தால் இடி விழப்போகிறது என்று அர்த்தமா?

வடுவூர்க்காரன்:
மோட்டார் கொட்டகையில் அப்பாவின் பழைய ரேடியோ ஆணியில் தொங்கும், மீடியம் வேவில் திருச்சி மட்டும்தான் எடுக்கும். கோடை மழைக்கு மேற்கே கறுத்து வரும்போது அதில் டப் டப்பென்று வெடித்தால் "கரையேறுடா, இறங்கப்போகுது" என்பார். போன வாரம் அப்படிச் சொல்லி நான் வரப்பைத் தாண்டுவதற்குள் பக்கத்துக் கொல்லைப் பனையில் விழுந்துவிட்டது, மறுநாள் காலை வரை குருத்து புகைந்துகொண்டிருந்தது. அதற்குச் சற்று முன்னால் கம்பி வேலியில் உஸ்ஸென்று ஒரு சத்தம், கையில் முடியெல்லாம் நட்டுக்கொண்டது. ரேடியோவுக்கு முன்கூட்டியே தெரியுமா?

ஈரமண்:
பாதி சரி தம்பி. மின்னல் ஒரே பாய்ச்சலில் இறங்குவதில்லை. முதலில் மேகத்துக்குள் சின்னச் சின்ன மின் துடிப்புகள் கிளம்பும், அப்புறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கிளை, படிக்குச் சுமார் 50 மீட்டர் வீதம் நின்று நின்று கீழே வரும். அது தரையை நெருங்கும்போது பனை உச்சி மாதிரி உயரமான இடத்திலிருந்து இன்னொரு கிளை மேலே எழும்பும். இரண்டும் தொட்டதும்தான் நாம் பார்க்கிற வெளிச்சம், சுமார் 30,000 ஆம்பியர். ஒவ்வொரு படியும் ரேடியோ அலையைக் கிளப்பும் என்பது நிஜம். ஆனால் கிளை கிளம்பித் தரை தொட ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும், அதற்குள் உங்கள் அப்பா வாயைக்கூடத் திறக்க முடியாது. அவர் கேட்டது அதற்கு முன்பே வேறெங்கோ வெட்டிய மின்னல்களை. மேகம் வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

வேலிச் சத்தம்தான் பயங்கரம். வெயில் நாளில் தரையருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் இருக்கும், இடிமேகத்தின் கீழ் அது ஆயிரக்கணக்கில் ஏறும், கம்பி முனைகளில் மின்சாரம் கசிந்து உஸ்ஸென்னும். முடி நட்டுக்கொண்ட இடத்தில் ஒரு கணம்கூட நிற்கக்கூடாது.

களத்துமேடு:
எங்கள் ஆத்தா "அர்ச்சுனா அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே நடவு ஆட்களைக் கரையேற்றிவிடும். தண்ணீர் கட்டிய வயலில் நிமிர்ந்து நிற்கிற ஆள்தானே பனை! மரத்தடிக்கு ஓடாதீர்கள். தகரக் கொட்டகையும் வேண்டாம், ஸ்டார்ட்டர் வரை லைன் வருகிறது. காரை வீடு, இல்லையென்றால் கதவடைத்த கார். இடி காதில் விழுந்தாலே நீங்கள் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், சுற்றுவட்டாரத்தில் மின்னல் வெட்டினால் சொல்லும்.

வடுவூர்க்காரன்:
தாமினி போட்டுவிட்டேன். போனில் எஃப்எம் வைத்தால் கரகரப்பு கேட்குமா?

ஈரமண்:
கேட்காது. எஃப்எம் அந்த இரைச்சலை அநேகமாக வடிகட்டிவிடும். பழைய ரேடியோதான் இதற்கு லாயக்கு.

வடுவூர்க்காரன்:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நான் இத்தனை நாளும் சொன்னது போன மின்னலையா?" என்று கேட்டுவிட்டு ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கப் போய்விட்டார்.