மறு: தாங்குகணினி, தங்குகணினி: ஒரு கால் போனால் என்ன ஆகும்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை ஓட்டும்போது, இடம் கொடுப்பதை ஆங்கிலத்தில் ஹோஸ்ட் (host) என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் (guest) என்றும் சொல்கிறார்கள். நம் கையேட்டுக்காக அவற்றுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். தாங்குகணினி, தங்குகணினி என்ற இணையைப் போன வாரம் முதலில் பாராட்டியவன் நான்தான். இடம் கொடுப்பது தாங்குகிறது, உள்ளே ஓடுவது தங்குகிறது. இரண்டும் வினைத்தொகை, வல்லினம் மிகாது, சொல்லவும் சுகம். அந்தப் பாராட்டை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

காரணம் என் மாமா. விண்டோஸைக் கலைக்காமல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கணினிக்குள் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, வாட்சப்பில் படிப்படியாக எழுதி அனுப்பினேன். பயாஸில் (கணினி தொடங்கும்போதே வரும் அடிப்படை அமைப்புகளில்) இதற்குத் தேவையான மெய்நிகராக்க வசதி அணைந்திருந்ததால் பட்டியலில் 64 பிட் தெரிவே வரவில்லை. அதற்கே அரை மணி நேரம் போனது. அப்புறம் இருக்கிற 8 ஜிபி நினைவகத்தில் 3, வட்டுக்கு 25 ஜிபி என்று ஒதுக்கினோம். டெபியனின் நிறுவல் நிரல், 'முழு வட்டையும் பயன்படுத்தவா? அதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும்' என்று கேட்கும் இடத்துக்கு வந்தது.

என் குறிப்பில் இருந்தது: "தங்குகணினியின் வட்டை அழிக்கலாம், தாங்குகணினியின் வட்டைத் தொடக் கூடாது." மாமா கண்ணாடி இல்லாமல் படித்துவிட்டு, "ஏம்ப்பா, ரெண்டும் ஒண்ணுதானே போட்டிருக்க?" என்றார்.

அன்றைக்கு ஆபத்து எதுவும் இல்லை. உள்ளே இருப்பவன் பார்க்கும் 'வட்டு' வெளியே வெறும் ஒரு கோப்புதான்; அதற்குள் என்ன அழித்தாலும் மாமாவின் பேரன் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே டெபியனைப் பென்டிரைவிலும் ஏற்றி வைத்திருந்தார். அதிலிருந்து கணினியைத் தொடங்கி அதே கேள்விக்கு 'ஆம்' சொல்லியிருந்தால்? உண்மையான வட்டே அழிந்திருக்கும். ஒரு துணைக்காலை நம்பி இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒப்படைக்க முடியாது. தட்டச்சில் முதலில் விழுவதே அதுதான்.

ஓம்புநர், விருந்தினர் என்று ஒருவர் எழுதியிருந்தார். சொற்கள் அழகு. ஆனால் 'விருந்தினரை அணைத்துவிட்டு நினைவகத்தைக் கூட்டுங்கள்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வந்துவிடும். உயிரியலில் ஓம்புயிரி என்றதும் ஒட்டுண்ணிதான் நினைவுக்கு வரும். குடிக்கணினி? ஒண்டுக்குடித்தனம் போல ஆளுக்கு ஒரு அறை, தனிப் பூட்டு. பொருள் உண்மையில் நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் அந்தப் பெயரோடு தெருவில் நடமாட முடியாது.

என் முன்மொழிவு: தங்குகணினி இருக்கட்டும், தாங்குவதை மெய்க்கணினி என்போம். வர்ச்சுவல் (virtual) என்பதற்கு மெய்நிகர் என்ற சொல்லை ஏற்கெனவே எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். நிகர் இருந்தால் அது நிகர்க்கும் மெய் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? 1974இல் கணினி அறிஞர்கள் போபெக்கும் கோல்ட்பெர்க்கும் மெய்நிகர்ப் பொறிக்கு வகுத்த இலக்கணமே மெய்யான பொறியின் தனித்த, திறன்மிக்க நகல் என்பதுதான். மாமாவிடமும் சோதித்தேன். "மெய்க்கணினின்னா மேசை மேல இருக்கறது" என்றார், விளக்கம் கேட்காமலே.

தங்குகணினிக்குள் இன்னொரு தங்குகணினியை ஓட்டினால் நடுவில் இருப்பது மெய்யா என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வீட்டில் அப்படி ஓட்டுபவர் அரிது; ஓட்டுபவருக்கு நம் கையேடு தேவைப்படாது.

மிச்சம் ஒன்று. சுட்டி உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியே வர வலப்பக்கக் கண்ட்ரோலை அழுத்துகிறோமே, அந்த விசைக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் அதுவும் இடம் கொடுப்பவரின் பெயரில்தான் (host key) இருக்கிறது. 'மெய்விசை' என்றால் இயற்பியல் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். விடுவிப்பு விசை என்றால் எஸ்கேப்புக்கு நாம் வைத்திருக்கும் விடுபடு விசையோடு குழம்பும். மீள்விசை எனக்குப் பிடித்திருக்கிறது. எதிர்ப்பு இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், அதன் பிறகு கையேட்டில் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.